லாரி டிரைவர் கூலிக் கணக்கு: பெங்களூர் லைனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, சேலம், நாமக்கல் பக்கமிருந்து பெங்களூர் வந்து லாரி ஓட்டுகிறவர்களும், யஷ்வந்த்பூர், பீன்யா, நெலமங்கலா பக்கம் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கிற சிறு ஓனர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர் வாயில் வந்த மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். கீழே வரும் ரேட்டுகள் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை. இதுதான் மார்க்கெட் ரேட் என்று யாரிடமும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பேட்டான்னா என்னங்ண்ணா? சம்பளமா, சாப்பாட்டுக் காசா?

சாப்பாட்டுக் காசு. வண்டி வெளியூரில் இருக்கும் நாட்களில் சாப்பாடு, டீ, குளியல் என்று ஆகிற செலவுக்குத் தருவது. சிலர் படி என்பார்கள். ஆனால் பல வண்டிகளில் சம்பளத்தைச் சின்னதாக வைத்துவிட்டு பேட்டாவைப் பெரிதாக்கியிருப்பார்கள். அங்கே பேட்டாவில் மிச்சம் பிடிப்பதுதான் வீட்டுக்குப் போகிற காசு. ரோட்டில் ஒருவேளை பட்டினி கிடந்தால் வீட்டுக்கு நூறு ரூபாய் கூடும் என்கிற நிலைமை இப்படித்தான் வருகிறது.

வேலைக்குச் சேரும்போது முதலில் கேட்க வேண்டியது பேட்டா எவ்வளவு என்பதல்ல. நாள் கணக்கா, டிரிப் கணக்கா என்பது. நாள் கணக்கு என்றால் லோடு இறங்காமல் நிற்கிற நாளுக்கும் வரும். டிரிப் கணக்கு என்றால் நிற்கிற நாளில் உங்கள் காசில்தான் சாப்பிட வேண்டும்.

மொத்தம் எத்தனை விதமா காசு குடுக்கறாங்க?

மாதச் சம்பளமும் பேட்டாவும் சேர்ந்தது ஒன்று. டிரிப்புக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு, வாடகையில் இத்தனை சதவீதம், டன் அல்லது லோடு கணக்கு, வழக்கமான டிரைவருக்குப் பதிலாக வரும் ஆக்டிங் டிரைவருக்கு நாள் கூலி என்று மற்றவை. இவை போக, டீசல் உட்பட எல்லாச் செலவுக்கும் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து 'மிச்சம் உன்னுது' என்கிற முறையும் உண்டு. மணிக்கணக்குக் கூலி நம் லைனில் இல்லை என்றே சொல்லலாம்.

எந்த முறையானாலும் ஒரே கேள்வியால் அதை எடை போட்டுவிடலாம்: சக்கரம் சுற்றாத நேரத்துக்கு யார் காசு தருகிறார்? லோடுக்குக் காத்திருப்பது, பிரேக்டவுன், நோ என்ட்ரி நேரத்தில் ஊருக்கு வெளியே ஓரங்கட்டுவது எல்லாம் அந்த நேரம்தான். மாதச் சம்பளத்தில் அது ஓனர் தலையில். கிலோமீட்டர், டிரிப், சதவீதக் கணக்குகளில் அது டிரைவர் தலையில். பேச்சுவார்த்தையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மும்பை போய் வர்ற லைனுக்கு எது லாபம்? கணக்குப் போட்டுக் காட்டுங்க.

நெலமங்கலாவில் ஏற்றி மும்பை பக்கத்து பிவண்டியில் இறக்கி, ரிட்டன் லோடோடு திரும்பினால் போக வர சுமார் 2,000 கிலோமீட்டர். இறக்குவதும் ஏற்றுவதும் சட்டென்று முடிந்தால் 7 நாளில் ஒரு நடை, மாதத்துக்கு 4 நடை, 8,000 கிலோமீட்டர். அங்கங்கே நின்று நின்று போனால் 8 நாள் ஆகி, நடுவில் லோடு கிடைக்காமல் சில நாள் போய், 3 நடையோடு மாதம் முடிந்துவிடும்: 6,000 கிலோமீட்டர், ரோட்டில் 24 நாள்.

சம்பளம் 15,000, பேட்டா நாளுக்கு 500 என்று வையுங்கள். 3 நடை மாதத்தில் 27,000. 4 நடை மாதத்தில் 28 நாள் பேட்டாவோடு 29,000. அதே வண்டியை கிலோமீட்டருக்கு 4 ரூபாய் என்று ஓட்டினால் 24,000, 32,000. வாடகையில் 10 சதவீதம், போக வர வாடகை 95,000 என்றால் நடைக்கு 9,500. ஆக 28,500, 38,000. ஆனால் மும்பையில் ரிட்டன் லோடு படுத்து வாடகை 20,000 குறைந்துவிட்டால் நடைக்கு 7,500தான். 3 நடைக்கு 22,500.

இதில் ரோட்டுச் சாப்பாட்டைக் கழித்துப் பாருங்கள். நாளுக்கு 350 என்றால் 24 நாளுக்கு 8,400, 28 நாளுக்கு 9,800. சம்பளக்காரருக்கு மந்தமான மாதத்தில் 18,600, நல்ல மாதத்தில் 19,200 கையில் நிற்கும். கிலோமீட்டர்காரருக்கு 15,600, 22,200. ஒரு நடை குறைந்தால் சம்பளக்காரருக்கு மொத்த வரவில் 2,000 போகிறது, கிலோமீட்டர்காரருக்கு 8,000, சதவீதக்காரருக்கு 9,500. பார்ட்டி (சரக்குக்காரர்) கோடவுனில் லாரியை நிறுத்தி வைத்தவர் செய்த தாமதத்துக்கு டிரைவர் கட்டுகிற விலை இது.

வண்டிக்கு இரண்டு பக்கமும் நிச்சயமான லோடு இருந்து, இறக்குமிடத்தில் நேரம் தவறாமல் இறக்கிவிடுவார்கள் என்றால் கிலோமீட்டரோ சதவீதமோ லாபம். புரோக்கரை நம்பி ஓடுகிற வண்டி என்றால் சம்பளம்தான் தூக்கம் தரும்.

கிலோமீட்டர் கணக்குன்னா எந்தக் கிலோமீட்டர்? ஓனர் ஜிபிஎஸ்ஸைக் காட்டறாரு, நான் மீட்டரைக் காட்டறேன்.

இரண்டும் ஒத்துப்போகாது. மலைப்பாதையில் டவர் போன இடத்தில் சில ஜிபிஎஸ் கருவிகள் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடு போட்டுவிடும். வளைவெல்லாம் காணாமல் போய் தூரம் குறையும். வண்டி மீட்டர் எண்ணுவது சக்கரம் சுற்றிய கணக்கை. பின் டயர் தேயத் தேய சுற்றளவு குறைவதால், அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் கூடுதலாகக் காட்டும். புது டயருக்கும் நன்றாகத் தேய்ந்த டயருக்கும் சுமார் 2 சதவீதம் வித்தியாசம் வரும். 2,000 கிலோமீட்டருக்கு அது 40 கிலோமீட்டர், 4 ரூபாய் ரேட்டில் 160 ரூபாய். இதற்காக நட்பு கெட வேண்டாம்.

தீர்வு எளிது. அடிக்கடி போகிற ஊர்களுக்கு நிலையான தூரம் எழுதிக்கொள்ளுங்கள்: பிவண்டி இவ்வளவு, கலம்போலி இவ்வளவு, சென்னை மாதவரம் இவ்வளவு. ரோடு மறியல், டைவர்ஷன், ஓனர் சொல்லி வழியில் வேறிடத்தில் ஏற்றியது என்றால் மட்டும் மீட்டர் போட்டோவைக் காட்டிக் கூடுதல் வாங்குங்கள்.

காலியா வந்தா காசு உண்டா?

கிலோமீட்டர் கணக்கில் உண்டு. உண்டு என்று முன்கூட்டியே பேசியிருந்தால். சிலர் லோடு ஓட்டத்துக்கு ஒரு ரேட்டும் காலி ஓட்டத்துக்குக் குறைந்த ரேட்டும் வைக்கிறார்கள். காலி வண்டியை ஓட்டவும் அதே தூக்கம்தான் கெடுகிறது என்றாலும், வாடகை வராத ஓட்டத்துக்கு ஓனரும் சேர்ந்து இழக்கிறார் என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. முக்கால் ரேட்டுக்குக் கீழே இறங்காமல் பாருங்கள்.

சதவீதக் கணக்கில் காலி ஓட்டத்துக்குப் பூஜ்ஜியம். அதனால் ரிட்டன் லோடுக்கு எத்தனை நாள் காத்திருப்பது, எந்த வாடகைக்குக் கீழே இருந்தால் காலியாகவே கிளம்பிவிடலாம் என்று இரண்டையும் கிளம்பும் முன்பே பேசுங்கள்.

சதவீதம்னு சொல்றாங்களே, எதுல சதவீதம்?

சண்டை வருவதே இங்கேதான். பார்ட்டி பேசிய முழு வாடகையிலா, புரோக்கர் கமிஷன் போக மீதியிலா, லோடிங் மாமூல், வே-பிரிட்ஜ் காசு எல்லாம் கழித்த பிறகா? 50,000 வாடகையில் 3,000 கழிந்துவிட்டால் 10 சதவீதத்தில் 300 ரூபாய் வித்தியாசம். நடைக்கு நடை சேர்ந்தால் வருடத்தில் நல்ல தொகை.

வாடகை இரண்டு பங்காக வரும்: ஏற்றியதும் அட்வான்ஸ், இறக்கி டெலிவரி கையெழுத்து வாங்கிய எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி போய்ச் சேர்ந்த பிறகு பாக்கி. பாக்கி வர சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். டிரைவர் பங்கு அட்வான்ஸ் வந்ததுமா, பாக்கி வந்த பிறகா? பார்ட்டி ஷார்ட்டேஜ் (சரக்கு குறைகிறது) என்று பாக்கியில் பிடித்தால் அது டிரைவர் பங்கைக் குறைக்குமா? வண்டி திரும்பிய மூன்று நாளுக்குள் முழு வாடகைக் கணக்கில் பங்கைக் கொடுத்துவிடுவது நல்ல ஓனர் லட்சணம். பாக்கியை வசூலிப்பது டிரைவர் வேலை இல்லை. வாடகைச் சீட்டைக் காட்டாமல் சதவீதம் பேசுகிற இடத்தில் சேராதீர்கள்.

பிவண்டியில ரெண்டு நாள் நிக்க வச்சுட்டாங்க. ஹால்டிங் காசு யாருக்கு?

வண்டியை நிற்க வைத்ததற்காகப் பார்ட்டி தருகிற ஹால்டிங் வண்டிக்கானது, அதாவது ஓனருக்கு. அதில் டிரைவருக்குப் பங்கு உண்டா என்பது உங்கள் பேச்சு. சம்பளமும் நாள் பேட்டாவும் வாங்குகிறவர் பங்கு கேட்க வலுவான காரணம் இல்லை. கிலோமீட்டர், டிரிப், சதவீதம் வாங்குகிறவர் கட்டாயம் கேட்க வேண்டும். குறைந்தது அன்றைய சாப்பாடும் ஒரு நாள் ஆக்டிங் கூலியில் பாதியும்.

ஆனால் ஹால்டிங் கிடைப்பதே டிரைவர் கையில்தான் இருக்கிறது. இலவச நேரம் பெரும்பாலும் ஒரு நாள் என்று பேசியிருப்பார்கள். எந்த மணியிலிருந்து அந்த நாள் தொடங்குகிறது என்பதற்குச் சாட்சி வேண்டும். கேட் டோக்கனில் உள்ள நேரத்தைப் போட்டோ எடுங்கள். எல்.ஆர். பின்பக்கம் 'வந்த நேரம்' எழுதி செக்யூரிட்டியிடமோ கோடவுன் கிளார்க்கிடமோ கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அந்த நிமிடமே கேட் போர்டு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து ஓனர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். இறக்கி முடித்த நேரத்துக்கும் இதேதான். 'ரெண்டு நாள் நின்னேன்' என்று வாயால் சொன்னால் பார்ட்டி ஒரு நாள் என்பார், புரோக்கர் தலையாட்டுவார்.

இன்னொன்று, ஏற்றிய பிறகு கிளம்பாமல் நின்றால் இ-வே பில்லையும் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு) பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது 2021 ஜனவரியிலிருந்து கணக்கு. வழியில் காலாவதியானால் பிடிபடுவது வண்டி. முடிகிற நேரத்துக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம் என்பதால் ஓனருக்கு முன்கூட்டியே போன் போடுங்கள்.

மைலேஜ் போனஸ் எப்படிப் போடறாங்க? எனக்கு மட்டும் எப்பவும் மைனஸ்ல வருது.

ஓனர் ஒரு மைலேஜ் நிர்ணயிப்பார். லிட்டருக்கு 4 என்றால் 2,000 கிலோமீட்டருக்கு 500 லிட்டர். 480 லிட்டரில் வந்தால் 20 லிட்டர் மிச்சம், லிட்டர் 90 ரூபாய்க்கு 1,800; பாதிப் பங்கு என்றால் உங்களுக்கு 900. அளக்கிற முறை, கிளம்பும்போது டேங்க் நிரப்புவது, திரும்பியதும் மறுபடி நிரப்புவது, நடுவில் போட்ட பில்களைக் கூட்டுவது.

எப்பவும் மைனஸ் வருவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் டிரைவர் காலில் இல்லை. முதல் காரணம் நிரப்பும் முறை. ஒரு தடவை நுரை அடங்கும் முன் நிறுத்தி, அடுத்த தடவை கழுத்துவரை ஊற்றினால் பத்து லிட்டர்வரை ஏமாற்றும். பங்க் தரை சரிந்திருந்தாலும் அப்படியே. ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி ஒரே பக்கம் பார்த்து நிற்பது, நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நிற்கிற நேரம். ஏசி போட்டு இன்ஜின் ஓட நின்றால் மணிக்கு சுமார் 2 லிட்டர் போகும். 2025 அக்டோபர் முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆகிவிட்டதால், பழைய வண்டியின் மைலேஜைப் புது வண்டிக்கு அப்படியே வைப்பது நியாயமில்லை. மூன்றாவது, எடை. காலி வண்டி 6 தரும் இடத்தில் முழு லோடு 4 தருவது சாதாரணம். ஆகவே காலி, அரை லோடு, முழு லோடு என்று மூன்று மைலேஜ் எழுதி வையுங்கள். இத்தனைக்கும் பிறகு மைனஸ் வந்தால் ஏர் ஃபில்டர், டயர் காற்று, இன்ஜெக்டர் பார்த்துவிட்டுத்தான் டிரைவரைப் பார்க்க வேண்டும்.

ஆட்புளூவை (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற திரவம்) மைலேஜ் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது ஓனர் செலவு. டிரைவர் கணக்கில் விட்டால் தண்ணீர் கலக்கிற ஆசை வரும். சென்சார் கண்டுபிடித்து இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும். அப்புறம் மெக்கானிக் பில் போனஸைவிடப் பெரிது.

இறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சமாகும்ல?

ஆகாது. எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் ஊற்றுவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் ஊற்றிக்கொண்டே இருக்கும். செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் போடுவது நஷ்டம்.

டீசல் போனால் போகிறது. கியரை எடுத்தால் இன்ஜின் பிடிமானமும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் போய்விடும். கால் பிரேக்கையே மிதித்து மிதித்து டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. புனேவுக்குப் பக்கத்தில் புதிய கத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவ்லே பாலம்வரை உள்ள இறக்கத்தில் நடக்கும் லாரி விபத்துகளுக்கு இதையே ஒரு காரணமாகப் போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பெங்களூர்-மும்பை லைன் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த இறக்கம் அது. ஓனர்களுக்கும் ஒரு வார்த்தை: மைலேஜ் இலக்கை எட்ட முடியாத உயரத்தில் வைத்தால் இந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பது நீங்கள்தான்.

'85,000 தர்றேன், டீசல் முதல் எல்லாம் உன் பொறுப்பு'ங்கறாரு ஓனர். ஒத்துக்கலாமா?

தெரிந்த ரூட், தெரிந்த வண்டி, எடை நிச்சயம் என்றால் யோசிக்கலாம். டோல் இதில் சேராமல் பாருங்கள். ஃபாஸ்டேக் ஓனர் கணக்கிலிருந்து போவதால் அது அவர் பாடு. டயர், பிரேக்டவுன், ஆட்புளூ, போலீஸ் கேஸ் ஆகியவையும் வெளியே. டீசல் விலை ஏறினால் தொகை ஏற வேண்டும் என்று ஒரு வரி இருக்க வேண்டும்: 500 லிட்டருக்கு 3 ரூபாய் ஏறினால் 1,500 உங்கள் கூலியிலிருந்து போகும்.

தெரியாத வண்டியோடு இந்த முறையில் இறங்காதீர்கள். பழைய வண்டி 4-க்குப் பதில் 3.5 கொடுத்தால் 571 லிட்டர் ஆகும். அதிகப்படி 71 லிட்டருக்கு 6,400 ரூபாய். நடைக் கூலியில் அவ்வளவு போய்விடும்.

டன்னுக்கு இவ்வளவுன்னு குடுத்தா கூட ஏத்தினா நல்லதுதானே?

ஜல்லி, எம்-சாண்ட் டிப்பர்களில் இந்தப் பேச்சு அதிகம். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். எடை போட மறுத்து ஓட்டிப் போனால் 40,000. 3 டன் கூடுதலுக்கு 26,000. டன்னுக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக இதற்குத் தலையைக் கொடுப்பதா? ஓவர்லோடு அபராதம் ஓனருடையது என்று எழுதி வாங்காமல் டன் கணக்கில் ஓட்டாதீர்கள்.

பெங்களூர் தண்ணீர் டேங்கர்களில் லோடு கணக்கு ஓடுகிறது. அங்கே ஓவர்லோடு இல்லை, ஓட்டப் பந்தயம்தான் பிரச்சினை; காவேரி குழாயில் தண்ணீர் வராத வாரத்தில் பாருங்கள். நாளுக்கு இத்தனை லோடு வரை ஒரு ரேட், அதற்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு வைப்பது எல்லோருக்கும் நல்லது.

டெல்லிக்கு ரெண்டு டிரைவர் போறோம். பிரிக்கறது எப்படி?

பெங்களூரிலிருந்து டெல்லி ஒரு வழி 2,100 கிலோமீட்டருக்கு மேல். கூலி சமமாகப் பிரிப்பதுதான் வழக்கம். வண்டிப் பொறுப்பும் கணக்கும் பார்க்கிற சீனியருக்குத் தனியாக ஒரு சிறு தொகை வைத்தால் போதும். 60-40 என்று பிரித்தால் ஜூனியர் தலையில் ராத்திரி ஷிஃப்டைக் கட்டுவதில்தான் முடியும். பேட்டா மட்டும் ஆளுக்கு ஆள், பிரிப்பு இல்லை. கிளீனர் இல்லாமல் தனியாகப் போனால் தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுப்பது எல்லாம் டிரைவர் வேலையாகிவிடும். நடைக்கு இவ்வளவு என்று அதைத் தனி வரியாக டிரிப் ஷீட்டில் (நடைக் கணக்குத் தாளில்) போடுங்கள்.

ஆக்டிங் போறவங்களுக்கு நாள் எப்போ தொடங்குது?

சாவி கைக்கு வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ராத்திரி 11 மணிக்கு எடுத்து மறுநாள் ராத்திரி 10-க்குக் கொடுத்தால் ஒரு நாளா இரண்டு நாளா என்று வாதம் வரும். வேறு ஊரில் வண்டியை விட்டால் திரும்பி வர பஸ் காசும் ஓனருடையது.

நாளைக்கு 14 மணி நேரம் ஓட்டறேன். ஓவர்டைம் உண்டா?

சட்டத்தில் உண்டு. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற போக்குவரத்து நிறுவனங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அது அவற்றில் ஒன்றோடு சேர்ந்துவிட்டது. 8 மணி நேரமும், அதற்கு மேல் இரட்டைக் கூலியும் தொகுப்பிலும் இருக்கின்றன.

நடைமுறையில் டிரிப், கிலோமீட்டர் கணக்கில் மணிநேரமே எழுதப்படுவதில்லை என்பதால் ஓவர்டைம் காகிதத்தில் நிற்கிறது. கேட்கிற எண்ணம் இருந்தால் முதலில் நேரத்தை எழுதுங்கள். ஜிபிஎஸ் ரிப்போர்ட்டும் ஃபாஸ்டேக் பதிவும் உங்களுக்குச் சாட்சிதான். மாதக் கடைசியில் நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.

சம்பளம் 8,000, பேட்டா 14,000. பி.எஃப். எதுக்குப் பிடிக்கணும்?

புதிய ஊதியத் தொகுப்பின்படி, படி வகைகள் மொத்த வரவில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பங்கு ஊதியமாகவே கணக்காகும். இங்கே மொத்தம் 22,000, பாதி 11,000. பேட்டா அதைவிட 3,000 கூடுதல். ஆக ஊதியம் 8,000 அல்ல, 11,000. முதல் கேள்வியில் சொன்ன 'சின்னச் சம்பளம், பெரிய பேட்டா' வித்தைக்கு இது கொஞ்சம் கடிவாளம். பி.எஃப். 20 பேர், இ.எஸ்.ஐ. 10 பேர் உள்ள நிறுவனத்துக்குத்தான் கட்டாயம். இரண்டு வண்டி ஓனரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

மூட்டை நனைஞ்சதுன்னு என் சம்பளத்துல 12,000 பிடிச்சுட்டாங்க. பிடிக்கலாமா?

நேரடியாக உங்கள் கவனக்குறைவால் வந்த சேதமாக இருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஏற்றும்போதே தார்ப்பாய் கிழிந்திருந்தது என்றால் அது உங்கள் குற்றமில்லை. அதனால்தான் கிளம்பும் முன் தார்ப்பாயைப் போட்டோ எடுங்கள் என்று சொல்வது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதக் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். வராத கூலியைக் கேட்டு மனுப் போட மூன்று வருடம்வரை நேரம் உண்டு.

30,000 அட்வான்ஸ் வாங்கினேன். லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டு வேற வண்டிக்குப் போகக்கூடாதுங்கறாங்க.

அட்வான்ஸ் கடன். திருப்பிக் கொடுக்க வேண்டும், மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம். அதைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். லைசென்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் டிஜிலாக்கரில் உள்ள லைசென்ஸ் ரோட்டில் செல்லும். கழிக்கிற தொகையை ஒவ்வொரு மாதமும் டிரிப் ஷீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாத அட்வான்ஸ் வளர்ந்துகொண்டே போகும்.

ஆக்சிடென்ட்ல டிரைவர் போயிட்டா, எந்தக் கணக்குல ஓட்டினாருங்கறது குடும்பத்துக்குக் கிடைக்கற காசைப் பாதிக்குமா?

உரிமையைப் பாதிக்காது. சம்பளமா, டிரிப்பா, ஆக்டிங்கா என்பது பொருட்டில்லை. அந்த நேரத்தில் ஓனருக்காக வேலையில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. லாரிக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டிலேயே டிரைவருக்கான தொழிலாளர் நஷ்டஈட்டுப் பொறுப்பு அடங்கும். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி பாருங்கள்.

தொகையை நன்றாகவே பாதிக்கும். மரணத்துக்கு மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ப சட்டத்தில் உள்ள எண்ணால் பெருக்குவார்கள். கணக்கில் எடுக்கிற ஊதியத்துக்கு உச்சவரம்பு 15,000. 40 வயதுக்கு எண் 184.17. ஊதியம் 15,000 என்று நிரூபித்தால் 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். காகிதத்தில் 8,000 மட்டும் இருந்து அதையே எடுத்துக்கொண்டால் 7,36,680. கையில் காசாக வாங்கி எதிலும் எழுதாத கூலி இந்த இடத்தில்தான் ஆறு லட்சத்துக்கு மேல் கடிக்கிறது. டிரிப் கூலியை பேங்க் கணக்கிலோ யுபிஐயிலோ வாங்குங்கள். டிரிப் ஷீட் போட்டோ வீட்டில் ஒருவர் போனில் இருக்கட்டும்.

வெளிநாட்டுல எல்லாம் எப்படி?

அமெரிக்காவில் நெடுந்தூர லாரிக்கு மைல் கணக்கு பரவலாக உண்டு. 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற வரம்பு இருப்பதால், குடோனில் வீணாகும் நேரம் பற்றி அங்கும் இதே புலம்பல். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது: தூரம், வேகம், சரக்கின் அளவு ஆகியவற்றோடு இணைத்த கூலியோ போனஸோ ரோட்டுப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் இருந்தால் கொடுக்கக் கூடாது என்று 561/2006 எண் கொண்ட விதியிலேயே எழுதிவிட்டது.

சம்பளத்துல இருந்து கிலோமீட்டர் கணக்குக்கு மாறச் சொல்றாரு. என்ன ரேட் கேக்கறது?

கடந்த ஆறு மாத டிரிப் ஷீட்டை எடுங்கள். அதில் மிக மந்தமான மாதத்தைப் பாருங்கள், சராசரியை அல்ல. மேலே போட்ட கணக்கில் அது 6,000 கிலோமீட்டர், 27,000 ரூபாய். வகுத்தால் 4.50. நல்ல மாதத்தை வைத்து வகுத்தால் 29,000-க்கு 8,000, அதாவது 3.63 வரும், ஓனர் கையில் இந்த எண்தான் இருக்கும். 4 ரூபாய் என்று நடுவில் முடித்தால் மந்தமான மாதத்தில் 3,000 நஷ்டம் உங்களுக்கு.

ரேட்டில் விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் குறைந்தபட்சக் கிலோமீட்டர் கேளுங்கள். 'ரேட் 4.20, மாதத்துக்கு 6,000 கிலோமீட்டர் கியாரண்டி, ஓடாவிட்டாலும் 25,200 உண்டு. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் இதே' என்று எழுதுங்கள். டிரைவர் சொந்த லீவு போட்ட நாளுக்கு மட்டும் நாளுக்கு 200 கிலோமீட்டர் வீதம் கியாரண்டியில் கழிக்கலாம். நிறைய லோடு இருக்கிறது என்று சொல்கிற ஓனருக்கு இதில் ஒரு பைசா நஷ்டமில்லை. அவர் இதற்குத் தயங்கினால், அந்த லோடு எங்கே என்று கேளுங்கள்.